தூணில் கட்டிய கயிறு

 



சில வாரங்களுக்கு முன் ஜுமுஆ முடிந்து கூட்டம் கலைந்தபின், நம் முஹல்லாவைச் சேர்ந்த ஓர் இளைஞர் என்னிடம் வந்தார். பட்டயக் கணக்காளர் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருப்பவர். பகலில் ஓர் ஆடிட்டரிடம் பயிற்சி, இரவில் படிப்பு. சட்டைப் பையிலிருந்து ஒரு மாத்திரை அட்டையை எடுத்துக் காட்டினார். அதில் பாதி காலியாக இருந்தது.

"ஹஜ்ரத், இது தூக்கம் வராம இருக்கிற மாத்திரை. போதை கிடையாது. நண்பனுக்கு டாக்டர் எழுதிக் கொடுத்தது, அவன்கிட்ட வாங்கினேன். இது ஹலாலா ஹராமா? அது மட்டும் சொல்லுங்க, போதும்."

ஒரே வார்த்தையில் பதில் வேண்டும் என்று நின்றார். கண்கள் சிவந்து இருந்தன. விரல்கள் லேசாக நடுங்கின. என்னால் ஒரே வார்த்தையில் சொல்ல முடியவில்லை. அன்று அவரிடம் முழுமையாகச் சொல்ல முடியாமல் போனதைத்தான் இன்று உங்களிடம் சொல்கிறேன். ஏனென்றால் இந்தக் கேள்வி அவர் ஒருவருடையது அல்ல.

யாருக்கான மருந்து?

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். நார்கோலெப்ஸி என்றொரு நோய் இருக்கிறது. இரவெல்லாம் தூங்கியவரைக்கூடப் பகலில் பேசிக்கொண்டிருக்கும்போதே தூக்கம் ஆட்கொண்டுவிடும். அப்படிப்பட்டவர்களுக்காகவே மோடஃபினில் போன்ற மருந்துகள் தரப்படுகின்றன. ஏ.டி.எச்.டி. எனப்படும் கவனக் குறைபாடு உள்ள பிள்ளைகளுக்கும் பெரியவர்களுக்கும் மெத்தில்ஃபெனிடேட் என்ற மருந்து பல ஆண்டுகளாகக் கொடுக்கப்பட்டு வருகிறது. மருத்துவர் சோதித்து, அளவு குறித்து, தொடர்ந்து கண்காணித்துத் தரும்போது அது அவர்களுக்குப் பெரும் உதவி.

இந்த மருந்தைச் சாப்பிடும் ஒரு பிள்ளையின் தாய் இதை வாசித்துக்கொண்டிருக்கலாம். சகோதரியே, இந்த உரையைக் காரணம் காட்டி உங்கள் பிள்ளையின் மருந்தை நிறுத்திவிடாதீர்கள். நோய்க்கு மருந்து தேடுவது நம் மார்க்கம் நமக்குக் கற்றுத் தந்த வழி. கால் முடியாதவருக்குக் கைத்தடி எப்படியோ அப்படித்தான் உங்கள் பிள்ளைக்கு இந்த மருந்து. கைத்தடி ஊன்றி நடப்பவரை யாரும் குறை சொல்வதில்லை, சொல்லவும் கூடாது.

நாம் பேசப்போவது நோயில்லாதவர்களைப் பற்றி. நல்ல உடலோடு இருந்தும், தூக்கம் என்ற இயற்கைத் தேவையைத் தள்ளிப்போட இதே மருந்தை எடுப்பவர்களைப் பற்றி.

அன்னை ஸைனப் (ரலி) அவர்களின் கயிறு

நீங்கள் அறிந்த நிகழ்ச்சிதான். ஒருநாள் நபி (ஸல்) அவர்கள் பள்ளிவாசலுக்குள் வந்தபோது இரண்டு தூண்களுக்கு நடுவே ஒரு கயிறு கட்டப்பட்டிருந்தது. இது என்ன என்று விசாரித்தார்கள். ஸைனப் (ரலி) அவர்கள் நின்று தொழும்போது சோர்வு வந்தால் இதைப் பிடித்துக்கொள்வார்கள் என்று சொல்லப்பட்டது. அதை அவிழ்த்துவிடச் சொன்னார்கள் நபியவர்கள். உற்சாகம் இருக்கும்வரை தொழட்டும், சோர்ந்துவிட்டால் ஓய்வெடுக்கட்டும் என்பதே அவர்கள் காட்டிய வழி.

சற்று நின்று யோசித்துப் பாருங்கள். அந்தக் கயிற்றைக் கட்டியவர் வீணாகப் பொழுது போக்க அதைக் கட்டவில்லை. இரவுத் தொழுகைக்காகக் கட்டினார். நோக்கத்தில் எந்தக் குறையும் இல்லை. தூய்மையான எண்ணம், உயர்ந்த அமல். அப்படியிருந்தும் கயிறு அவிழ்க்கப்பட்டது.

தொழுகையில் தூக்கம் மேலிட்டால் போய்த் தூங்கிவிட வேண்டும் என்றும் நபியவர்கள் கற்றுத் தந்திருக்கிறார்கள். அதற்கு ஒரு காரணமும் சொன்னார்கள். தூக்கக் கலக்கத்தில் தொழுபவர் பாவமன்னிப்புக் கேட்பதாக எண்ணிக்கொண்டு தன்னையே சபித்துக்கொள்ளக்கூடும். நாக்கு என்ன சொல்கிறது என்பதே அவருக்குத் தெரியாமல் போய்விடும். இந்தக் காரணத்தை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு திரும்பி வருவோம்.

இன்னொரு இரவையும் நினைவுபடுத்துகிறேன். கைபரிலிருந்து திரும்பும் வழியில் படை களைத்துப்போய் ஓரிடத்தில் தங்கியது. சுபுஹுக்கு எழுப்பும் பொறுப்பு பிலால் (ரலி) அவர்களிடம் கொடுக்கப்பட்டது. அவர்கள் விழித்திருந்து தொழுதார்கள். பின்னர் தம் வாகனத்தில் சாய்ந்தபடி விடியலை எதிர்பார்த்து அமர்ந்தார்கள். அப்படியே உறங்கிவிட்டார்கள். வெயில் உறைத்தபோதுதான் எல்லோரும் எழுந்தார்கள். உங்களைத் தூக்கத்தில் ஆழ்த்தியவனே என்னையும் ஆழ்த்திவிட்டான் என்ற பொருள்படப் பிலால் (ரலி) பதில் சொன்னார்கள். நபியவர்கள் அவர்களைக் கடிந்துகொள்ளவில்லை. அந்த இடத்தைவிட்டு நகர்ந்து, உளூச் செய்து, தவறிய தொழுகையை நிறைவேற்றினார்கள்.

ஈமானில் பிலால் (ரலி) அவர்களைவிட உறுதியானவர் யார்? சுடுமணலில் நெஞ்சில் கல்லைச் சுமந்தவர். அவரையும் தூக்கம் வென்றது. அது அவருடைய பலவீனமாக எண்ணப்படவில்லை. மனிதன் தூங்க வேண்டியவன். தூங்காமல் இருப்பவன் அல்லாஹ் ஒருவன் மட்டுமே.

கடன்காரன் வாசலில்

நாம் விழித்திருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் மூளையில் அடினோசின் என்ற பொருள் சேர்ந்துகொண்டே போகிறது. அது சேரச் சேரக் கண் சொக்குகிறது. தூங்கும்போது அது குறைகிறது. காலையில் புத்துணர்வு வருவதற்கு இதுவும் ஒரு காரணம். தூக்கம் ஓர் அத்தாட்சி, ஓய்வுக்கான அருள் என்று திருக்குர்ஆன் நமக்கு நினைவூட்டுகிறதே, அந்த அருள் உடம்புக்குள் நடக்கும் விதங்களில் இது ஒன்று.

விழிப்பூட்டும் மாத்திரை என்ன செய்கிறது? மூளையில் டோபமின் போன்ற பொருள்களின் செயல்பாட்டைக் கூட்டி விழிப்பை உண்டாக்குகிறது. ஆனால் தூக்கம் செய்ய வேண்டிய வேலையை அது செய்வதில்லை. கடன்காரன் வாசலில் நின்று கதவைத் தட்டுகிறான். நாம் காதில் பஞ்சை அடைத்துக்கொள்கிறோம். சத்தம் நின்றுவிட்டது, கடன் நிற்கவில்லை. மோடஃபினிலின் பாதி அளவு உடலிலிருந்து வெளியேறவே ஏறத்தாழ 12 முதல் 15 மணி நேரம் ஆகிறது. இன்று மாலை போட்ட மாத்திரை, நாளை காலை நீங்கள் தூங்க நினைக்கும்போதும் இரத்தத்தில் இருக்கும். பிறகு தூங்க ஒரு மாத்திரை தேடுவோம்.

தலைவலி, படபடப்பு, பசியின்மை, இரத்த அழுத்தம், வேகமான இதயத் துடிப்பு என்று பக்கவிளைவுகள் இருக்கின்றன. ஆம்ஃபெட்டமின், மெத்தில்ஃபெனிடேட் வகை மருந்துகளுக்கு அடிமையாகும் ஆபத்தும் உண்டு. நோயாளிக்கு இவற்றையெல்லாம் எடைபோட்டுத்தான் மருத்துவர் எழுதித் தருகிறார். நண்பனின் அட்டையிலிருந்து கிள்ளி எடுப்பவருக்கு எடைபோட்டவர் யார்?

அப்படியானால் காபி?

உங்களில் சிலர் இப்போது சிரித்துக்கொண்டே கேட்கலாம்: "ஹஜ்ரத், நீங்களும்தானே தராவீஹுக்கு முன்னால் காபி குடிக்கிறீங்க?" நியாயமான கேள்வி. இந்தக் கேள்வி நம் சமுதாயத்தில் ஐந்நூறு ஆண்டுகளாக இருக்கிறது.

பதினைந்தாம் நூற்றாண்டில் யமன் நாட்டு ஸூஃபிகள் இரவு திக்ருக்காக விழித்திருக்கக் காபி குடித்தார்கள். அங்கிருந்து அது மக்காவுக்கு வந்தது. 1511ஆம் ஆண்டு மக்காவின் அதிகாரியாக இருந்த கைர் பேக், அறிஞர்களையும் மருத்துவர்களையும் கூட்டி விவாதித்து, காபியைத் தடை செய்தார். அந்தத் தடை நீடிக்கவில்லை. பின்னாளில் அப்துல் காதிர் அல்ஜஸீரி காபி ஆகுமானதே என்று விளக்கி ஒரு நூலே எழுதினார். காபி புத்தியைக் கெடுப்பதில்லை, அளவோடு குடிப்பவருக்குத் தீங்கில்லை என்பது காலப்போக்கில் நிலைபெற்றது.

அந்த அறிஞர்கள் நமக்கு விட்டுச் சென்றது ஒரு முறை. ஒரு பொருளின் பெயரைப் பார்த்துத் தீர்ப்பளிக்காமல், அது புத்தியை என்ன செய்கிறது, உடலை என்ன செய்கிறது, எவ்வளவு, எதற்காக என்று கேட்டார்கள். அதே கேள்விகளை இந்த மாத்திரையிடமும் கேட்போம். காபியிடமும் கேட்போம். ஏழாவது கோப்பையில் விரல் நடுங்க உட்கார்ந்திருப்பவர், தம் கையில் இருப்பதும் ஒரு கயிறுதானா என்று பார்த்துக்கொள்ளட்டும்.

தன்னைத் தானே அறியாமல்

அந்த இளைஞர் சொன்னார்: "ஆனா ஹஜ்ரத், இது வேலை செய்யுது. நாலு மணி வரைக்கும் படிக்க முடியுது."

வேலை செய்கிறதா? ஆஸ்திரேலியாவின் மெல்பர்ன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2023இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். நோயில்லாத 40 பேருக்கு இத்தகைய மூன்று மருந்துகளையும், மருந்தில்லாத வெறும் மாத்திரையையும் வெவ்வேறு நாள்களில் கொடுத்தார்கள். ஒரு பையில் எந்தெந்தப் பொருள்களை அடைத்தால் மதிப்பு அதிகமாகும் என்பது போன்ற கடினமான கணக்குகளைத் தீர்க்கச் சொன்னார்கள். மருந்து எடுத்தபோது அவர்கள் அதிக நேரம் உழைத்தார்கள், அதிகமாக முயன்றார்கள். ஆனால் அந்த முயற்சியின் தரம் குறைந்தது. மருந்தில்லாமல் சிறப்பாகச் செய்தவர்களில் பலர், மருந்தோடு பின்னுக்குப் போனார்கள்.

அதற்கு முன்பே, 1997இல் வெளியான கனடா ஆய்வாளர்களின் ஓர் ஆய்வு இன்னும் கவலை தருகிறது. 64 மணி நேரம் தூங்காமல் இருந்தவர்களுக்கு மோடஃபினில் கொடுத்துப் பார்த்தபோது, அவர்கள் தங்கள் திறனைத் தாங்களே மிகையாக மதிப்பிட்டார்கள். நன்றாகச் செய்வதாக நினைத்தார்கள். நினைத்த அளவுக்குச் செய்யவில்லை.

இப்போது நபியவர்கள் சொன்ன காரணத்தை நினைத்துப் பாருங்கள். தூக்கக் கலக்கத்தில் தொழுபவர் தான் என்ன சொல்கிறோம் என்று அறியமாட்டார். அவருக்குக் கண்ணாவது சொருகும். அதைப் பார்த்துப் பக்கத்தில் இருப்பவர் எழுப்புவார், அல்லது அவரே சுதாரித்துக்கொள்வார். மாத்திரை போட்டவருக்கு அந்த எச்சரிக்கையும் இல்லை. கண் திறந்திருக்கிறது, கை வேலை செய்கிறது, மனம் "நான் நன்றாக இருக்கிறேன்" என்கிறது. தன்னைத் தானே கணக்கிடுவதை முஹாஸபா என்கிறோம். ஒரு முஃமினின் மிகப் பெரிய செல்வம் அது. களைப்பைக் களைப்பு என்று அறியும் அறிவே பறிபோனால், முஹாஸபா எங்கிருந்து வரும்?

இதில் மற்றவர்களின் உயிரும் இருக்கிறது. தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் செயல்திறன், 100 மில்லி லிட்டர் இரத்தத்தில் 50 மில்லி கிராம் ஆல்கஹால் இருப்பவரின் நிலைக்குச் சமமாகக் குறைகிறது என்று 1997இல் வெளியான மற்றோர் ஆய்வு காட்டியது. 24 மணி நேரம் ஆனால் அது ஏறத்தாழ 100 மில்லி கிராமுக்குச் சமம். நம் நாட்டில் வண்டி ஓட்டுபவருக்குச் சட்டம் அனுமதிக்கும் உச்ச அளவு 30 மில்லி கிராம். மதுவின் வாடையே படாத நாம், இரவெல்லாம் விழித்துவிட்டுக் குடும்பத்தை ஏற்றிக்கொண்டு விடியற்காலையில் கார் ஓட்டும்போது எந்த நிலையில் ஓட்டுகிறோம் என்று எண்ணிப் பார்த்திருக்கிறோமா?

சீட்டில் உள்ள பெயர்

இன்னொரு விஷயம் நேர்மை. மருத்துவரின் சீட்டு என்பது ஒரு சாட்சியம். இந்தப் பெயருடையவருக்கு இந்த நோய் இருக்கிறது, இந்த மருந்து தேவை என்று ஒருவர் கையெழுத்திட்டுச் சொல்கிறார். இல்லாத அறிகுறியைச் சொல்லிச் சீட்டு வாங்கினால் அந்தச் சாட்சியத்தைப் பொய்யாக்குகிறோம். அடுத்தவர் சீட்டில் வந்த மருந்தை எடுத்தால், அவர் பெயரில் நாம் வாழ்கிறோம். கொடுத்த நண்பனும் அந்தப் பொய்யில் பங்காளி ஆகிறான்.

சட்டமும் இருக்கிறது. மெத்தில்ஃபெனிடேட் இந்தியாவில் 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் பட்டியலில் உள்ள மருந்து. ஐக்கிய அரபு அமீரகத்தில், கட்டுப்படுத்தப்பட்ட மருந்துகளை முறையாகச் சீட்டு இருப்பவரே முன் அனுமதி பெற்றுத்தான் கொண்டுபோக வேண்டும். நம் வீடுகளில் பாதிப் பேர் வளைகுடாவில் இருக்கிறார்கள். அடுத்தவர் பெயரில் உள்ள ஓர் அட்டை மாத்திரை, விமான நிலையத்தில் ஒரு குடும்பத்தின் வாழ்க்கையையே புரட்டிப் போட்டுவிடும்.

வளைகுடாவில் இருப்பவர்கள் கேப்டகான் என்ற பெயரைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். இன்று அந்தப் பெயர் கடத்தலையும் சிறையையும் நினைவூட்டுகிறது. ஆனால் அது 1961இல் ஜெர்மனியில் மருந்தாகத்தான் பிறந்தது. கவனக் குறைபாட்டுக்கும் தூக்க நோய்க்கும் மருத்துவர்கள் எழுதித் தந்த மருந்து. 1986இல் சர்வதேசக் கட்டுப்பாட்டுப் பட்டியலுக்குப் போனது. அதன்பின் கள்ளத்தனமாகத் தயாரிக்கப்பட்டு, சிரியாவிலிருந்தும் லெபனானிலிருந்தும் பழப் பெட்டிகளில்கூட ஒளித்துக் கடத்தப்பட்டது. 2021இல் மாதுளம் பழங்களுக்குள் அது பிடிபட்டபின் சவூதி அரேபியா லெபனானின் காய்கனிகளுக்கே தடை விதித்தது. அதை விழுங்கியவர்களில் களியாட்டத்துக்காக எடுத்தவர்களும் உண்டு. கூடுதல் நேரம் வேலை பார்க்க, தேர்வுக்குப் படிக்க என்று தொடங்கியவர்களும் உண்டு. "போதை கிடையாது, தூக்கம் வராம இருக்கத்தான்" என்ற சொல் புதிய சொல் அல்ல.

கயிற்றைக் கட்டியது யார்?

சகோதரர்களே! இதுவரை அந்த இளைஞரைப் பற்றிப் பேசினேன். இனி நம்மைப் பற்றிப் பேச வேண்டும்.

அன்று அவர் எழுந்து போகும் முன் ஒன்று சொன்னார். "நீங்கதானே ஹஜ்ரத், போன வருஷம் பரிசளிப்பு விழாவுல சொன்னீங்க, ராத்திரி பகல் பார்க்காம படிச்ச பிள்ளைன்னு."

சொன்னேன். இதே பள்ளிவாசல் முற்றத்தில், ஒலிபெருக்கியில், ஒரு மாணவரை நிறுத்திவைத்து அப்படித்தான் புகழ்ந்தேன். ஜமாஅத்தார்கள் மாஷா அல்லாஹ் சொன்னார்கள். அன்று கூட்டத்தில் உட்கார்ந்திருந்த இந்தப் பிள்ளை அதைக் கேட்டு மனத்தில் முடிந்துவைத்திருக்கிறான். அந்தக் கயிற்றில் என் கையும் இருந்திருக்கிறது. அல்லாஹ் என்னை மன்னிப்பானாக.

உங்கள் கையும் இருக்கிறதா என்று பாருங்கள். பிள்ளை பதினோரு மணிக்குப் படுத்தால் "பக்கத்து வீட்டுப் பையன் இன்னும் படிக்கிறான்" என்கிற தகப்பன். ஒரு நாளைக்குப் பதினான்கு மணி நேரம் கடையைத் திறந்து வைத்து, அதே பையனை மறுநாள் காலையும் வரச் சொல்கிற முதலாளி. இரவு முழுவதும் வண்டி ஓட்டி வந்த ஓட்டுநரை "உடனே திரும்பு" என்று அனுப்புகிறவர். தொழிலாளியின் மீது அவர் சக்திக்கு மீறிய சுமையைச் சுமத்தக் கூடாது, சுமத்தினால் நாமும் கைகொடுக்க வேண்டும் என்பது நபியவர்களின் போதனை. சுமையைக் குறைக்காமல் மாத்திரையை மட்டும் ஹராம் என்று சொல்லிவிட்டுப் போவது எளிது. கயிற்றைப் பிடித்துத் தொங்குபவனைக் கண்டித்துவிட்டு, கட்டியவனை முதல் ஸஃப்பில் உட்கார வைப்பது போன்றது அது.

இறைவனுக்கு ஒரு பங்கு உண்டு, உடலுக்கு ஒரு பங்கு உண்டு, குடும்பத்துக்கு ஒரு பங்கு உண்டு. அவரவர் பங்கை அவரவருக்குக் கொடுங்கள் என்று ஸல்மான் (ரலி) தம் சகோதரர் அபுத்தர்தா (ரலி) அவர்களுக்கு அறிவுறுத்தினார்கள். அவருடைய வீட்டில் விருந்தாளியாகத் தங்கி, இரவின் தொடக்கத்தில் அவரைத் தொழ எழவிடாமல் தூங்கச் சொல்லி, கடைசிப் பகுதியில் சேர்ந்து எழுந்து தொழுதார்கள். நபியவர்கள் அதை உண்மை என்று ஏற்றார்கள். இந்த நிகழ்ச்சியில் எனக்குப் பிடித்தது, ஸல்மான் (ரலி) வெறும் உபதேசம் செய்யவில்லை என்பது. கூடவே தங்கினார்கள். கூடவே தூங்கினார்கள். கூடவே எழுந்தார்கள்.

அந்த இளைஞரிடம் நான் சொன்னது இவ்வளவுதான்: "தம்பி, நண்பனோட மருந்தை நண்பன்கிட்டயே திருப்பிக் கொடுத்துடுங்க. ரொம்ப நாளா சாப்பிட்டிருந்தா, முதல்ல ஒரு மருத்துவரைப் பார்த்து உண்மையைச் சொல்லுங்க. உங்களுக்கே ஏதாவது நோய் இருந்தா அவர் கண்டுபிடிப்பார். அப்போ உங்க பேர்லயே மருந்து வரும். இன்னைக்கு இஷா முடிஞ்சதும் படுங்க."

"சுபுஹு போயிடுமே ஹஜ்ரத். அடிச்சுப் போட்ட மாதிரி தூங்கிடுவேன்" என்றார்.

"அலாரம் வைங்க. உம்மாகிட்ட எழுப்பச் சொல்லுங்க. நானும் போன் பண்றேன்" என்றேன்.

மறுநாள் அதிகாலை போன் செய்தேன். மூன்றாவது முறை எடுத்தார். குரலில் தூக்கம் இருந்தது. கடைசி ரக்அத்தில்தான் வந்து சேர்ந்தார், தாமதமாகத்தான். ஆனால் கண்கள் சிவந்திருக்கவில்லை.

யா அல்லாஹ்! எங்கள் உடலை நீ தந்த அமானிதமாகப் பேணும் தவ்ஃபீக்கைத் தருவாயாக! நோயுற்றவர்களுக்கு அவர்களின் மருந்தில் ஷிஃபாவைத் தருவாயாக! எங்கள் பிள்ளைகள் மீதும், எங்களிடம் வேலை செய்பவர்கள் மீதும், அவர்கள் தாங்க முடியாததைச் சுமத்துவதிலிருந்து எங்களைக் காப்பாயாக! நாங்கள் கட்டிய கயிறுகளை எங்கள் கையாலேயே அவிழ்க்கும் நல்ல மனத்தை எங்களுக்குத் தருவாயாக! ஆமீன்.